அமைச்சர் ஆசனத்தில் ஓர் அக்கரையான்

முன்னொரு காலத்தில், ஆற்றங்கரை நாடு ஒன்றின் ராஜா, பிழைக்க வருகிறவர்களுக்கென்று ஒரு சட்டம் போட்டிருந்தார். குடியுரிமை கேட்பவர், முத்திரை கிடைக்கும்வரை மனுக் கொடுத்த இடத்திலேயே இருக்க வேண்டும். எழுந்து போனால் மனு செல்லாது. முந்தி வந்தவருக்கு முந்தி முத்திரை.

பஞ்சத்துக்குத் தப்பி அக்கரையிலிருந்து வந்த காத்தாயி, மனுவைக் கொடுத்துவிட்டு, தன்னைப்போல் காத்திருந்தவர்களோடு கோட்டை வாசலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள்தான். அங்கேயே பிறந்த பிள்ளை ஓடியாடத் தொடங்கிவிட்டது. முத்திரை வைக்க வேண்டிய அமைச்சர் விருத்தகிரியோ, "பரிசீலனையில் இருக்கிறது" என்பதோடு சரி. இதற்கிடையில், அக்கரையில் அவள் தாய் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று செய்தி வந்தது. போனால் இத்தனை வருஷமும் பாழ். போகாவிட்டால் தாய் முகத்தை இனி எப்போது பார்ப்பது?

"ஆத்தைத் தாண்டினா அம்மா வீடு, ஐயா. அதுக்குக்கூடக் கொடுத்து வைக்கலையே," என்று அந்த வழியாக வந்த அரண்மனை விகடன் கோட்டைச்சாமியிடம் சொல்லி அழுதாள், பாவம்.

கோட்டைச்சாமிமேல் அமைச்சருக்கு வெகுநாள் பொறாமை. பௌர்ணமியன்று ராஜா கோட்டை வாசலில் சபை கூட்டியபோது அமைச்சர் தம் ஆசனத்தை விட்டு எழுந்து நின்று, "மன்னா, இவன் பாட்டன் அக்கரையான். இவனும் மனுக் கொடுக்க வேண்டியவனே," என்று போட்டுக்கொடுத்தார்.

ராஜாவுக்கு அது வேடிக்கையாகப் பட்டது. "ஆகட்டும். சட்டம் எல்லோருக்கும் ஒன்றே," என்றார்.

"உத்தரவு, மன்னா," என்ற கோட்டைச்சாமி, காலியாயிருந்த அமைச்சரின் ஆசனத்தில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அங்கிருந்தே மனுவை நீட்டினான். அமைச்சரும் பழக்கதோஷத்தில் வாங்கிக்கொண்டார்.

"எழுந்திரடா, அது என் இடம்."

"மனுக் கொடுத்த இடத்தை விட்டு எழக்கூடாதே, அமைச்சரே."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். தரையில் உட்கார அமைச்சருக்குக் கௌரவம் இடங்கொடுக்கவில்லை. வெயில் ஏறியது, கால் கடுத்தது. "சரி, இவனுக்கு இப்போதே முத்திரை வைக்கிறேன்," என்றார்.

"முறை என்று ஒன்று உண்டே. எனக்கு முந்தி வந்தவர்கள் அதோ உட்கார்ந்திருக்கிறார்கள்," என்றான் விகடன்.

வேறு வழியின்றி அமைச்சர் வரிசையாக எல்லோருக்கும் முத்திரை வைக்க, பொழுது சாய்வதற்குள் கோட்டை வாசல் காலியாகிவிட்டது. வருஷக்கணக்கில் ஆகாத வேலை! ராஜா விழுந்து விழுந்து சிரித்து, "என்ன பரிசு வேண்டும், கேள்," என்றார்.

கோட்டைச்சாமி சிரிக்கவில்லை. "ஒரு படகு, மன்னா. எனக்கல்ல, அக்கரைக்குப் போகவேண்டிய காத்தாயிக்கு," என்றான்.

காத்தாயி போய்ச் சேர்ந்தபோது தாய்க்கு உயிர் இருந்தது. மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "எழுந்து வந்துட்டியாடி? மனு போச்சே," என்று பதறினாள்.

"போகலம்மா. இனிமே எப்ப வேணும்னாலும் வரலாம், போகலாம். அதுவும் என் ஊருதான்."

அதைக் கேட்ட பிறகுதான் தாய் அவள் கையை விட்டாள்.