தண்ணீர் கேட்காத கிழவர்

குருவிடம் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்த சீடன் சேந்தன், ஒரு நாள் காலையில் மறுபடியும் ஆசிரமத்து வாசலில் வந்து நின்றான். முகம் வாடிக் கிடந்தது.

தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவர் தாத்தா குற்றாலிங்கம். உப்பு வண்டி ஓட்டியவர். சேற்றில் புதைந்த வண்டியை ஒற்றை ஆளாகத் தோள் கொடுத்துத் தூக்கிவிடுவார் என்று ஊரில் பேச்சு. இப்போது கால் வலுவிழந்து கட்டிலோடு கிடந்தார். பேரன் ஒரு குறையும் வைக்கவில்லை. இலவம்பஞ்சு மெத்தை போட்டிருந்தான். வேளை தவறாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தான். ஆனால் கிழவர் கஞ்சியில் இரண்டு வாய்க்கு மேல் எடுப்பதில்லை, தண்ணீரைத் தொடுவதே இல்லை. உதடு வெடித்துவிட்டது. கேட்டால் தாகம் இல்லை என்கிறார். இப்படியே போனால் தாங்காது என்று வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

"விரதம் ஏதும் இருக்கிறாரோ, சுவாமி? உயிரை விடுவதென்று முடிவு செய்துவிட்டாரோ?"

"எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டார் குரு.

சேந்தன் யோசித்துப் பார்த்தான். ஆடி மாதத்தில் ஒருநாள் தாத்தா படுக்கையை நனைத்துவிட்டார். அவன் முகம் சுளிக்கவில்லை. அவரைத் துடைத்துவிட்டு, வேட்டியை அலசி முற்றத்துக் கொடியில் காயப்போட்டான். அதற்குப் பிறகுதான் என்று ஞாபகம்.

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அவனோடு புறப்பட்டார்.

கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குரு கட்டிலோரம் உட்கார்ந்தார். அவருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். உடம்பைப் பற்றி ஒன்றும் விசாரிக்கவில்லை. மழையைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஐயா, எனக்குக் கொல்லைப்பக்கம் போக வேண்டும். முன்னைப்போல அடக்க முடிவதில்லை. உங்கள் பேரனிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. துணைக்கு வருகிறீர்களா?"

கிழவர் திரும்பி அவரையே பார்த்தார். பிறகு மெல்லக் கையை நீட்டினார்.

இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்தார்கள். தாங்கிப் பிடிக்க ஓடிவந்த சேந்தனைக் குரு கண்ணாலேயே நிறுத்திவிட்டார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கட்டிலில் சாய்ந்ததும் கிழவர் செம்பை வாங்கி, மார்பெல்லாம் சிந்தச் சிந்தக் குடித்தார். இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று சைகை காட்டினார்.

குரு அங்கேயே தங்கிவிட்டார். ஆனால் காலம் கடந்துபோயிருந்தது. கிழவருக்கு முகம் வீங்கிற்று, கால் வீங்கிற்று. குடித்த தண்ணீரை வெளியேற்ற உடம்பில் தெம்பில்லை. அமாவாசைக்கு முந்தின நாள், குருவின் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்.

சிதை எரிந்து தணிந்த பின், ஆற்றங்கரையில் குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் சேந்தன். பிறகு கேட்டான்.

"தாத்தா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சுவாமி. எத்தனை தடவை கூப்பிட்டாலும் சலிக்காமல் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அது அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் குரு. "அதனால்தான் கூப்பிடவில்லை."