கப்பிக்குத் தடை போட்ட பயில்வான்

வேங்கைமலைக் கோட்டையை ஆண்ட கோதண்ட பூபதிக்குக் காது பெரிது. யார் எதைச் சொன்னாலும் உள்ளே போய்விடும். உள்ளே போனதை நிறுத்தி விசாரிக்க அங்கே ஒன்றும் கிடையாது, பாவம்!

அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே குடியிருந்தார் வீரகண்டர், அரண்மனை மல்லர்களின் தலைவர். மீசையைப் பார்த்தாலே குழந்தைகள் அழும். வேலை என்ன என்று கேட்கிறீர்களா? காலையில் தின்பது, மாலையில் தொடையைத் தட்டுவது.

ஒருநாள் கோயில் வாசலில் ஒரு பாறாங்கல் உருண்டு வந்து வழியை அடைத்துக்கொண்டது. மல்லர்கள் கூடித் தள்ளினார்கள், முக்கினார்கள், முனகினார்கள். கல் அசையுமா? மடைப்பள்ளிச் சமையல்காரர்கள் இருவர் வந்தார்கள். ஒரு கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் செருகி, சின்னக் கல் ஒன்றை முட்டுக் கொடுத்து, மறுமுனையில் தொங்கினார்கள். பாறை புரண்டு ஓரமாகப் போய்ப் படுத்தது. ஊர் சிரித்த சிரிப்பில் வீரகண்டருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நேரே மன்னரிடம் ஓடினார்.

"மன்னா, கடப்பாரை, கப்பி, சக்கரம், எல்லாம் நோஞ்சான்களின் ஏமாற்று வேலை! குடிகள் சோம்பேறிகளாகிவிட்டார்கள். தடை போடுங்கள். எந்த வேலையும் வெறுங்கையால்தான் நடக்க வேண்டும்!"

"ஆகா, நல்ல யோசனை!" என்றார் மன்னர். காது அப்படி.

மறுநாளே ஊர்க் கிணறுகளின் கப்பிகள் கழற்றப்பட்டன. மலைக்கோட்டைக் கிணற்றை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். கப்பி இருந்தவரை கயிற்றைக் கீழ்நோக்கி இழுத்தால் போதும், உடம்பின் எடையே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். இப்போதோ விளிம்பில் குனிந்து நின்று குடத்தை மேலே தூக்க வேண்டும்.

அம்பலக்கூத்தன் என்று ஒருவன் அரசவையில் மன்னருக்குப் பேச்சுத் துணையாக இருந்தான். அவன் மனைவி வடிவு வீட்டுக்கு வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"ஏங்க, மாசமா இருக்கிற பொண்ணு ஒருத்தி இன்னிக்குக் கிணத்துக்குள்ள விழப் பார்த்தா. நான்தான் சேலையைப் பிடிச்சு இழுத்தேன். உங்க ராஜாவுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அம்பலக்கூத்தன் அந்தக் கைகளைப் பார்த்தான். ஒரு முட்டாள் சொன்னானாம், இன்னொரு முட்டாள் கேட்டானாம், சாவது ஊர்ப் பெண்களா? ஆனால் சபைக்குப் போனபோது அவன் முகத்தில் தேன் வழிந்தது.

"மன்னா, அருமையான ஆணை! ஆனால் அரைகுறையாக நடக்கிறது. என்னிடம் விடுங்கள், ஒரு கருவிகூடத் தப்பாமல் பார்த்துக்கொள்கிறேன்."

"பலே! செய்" என்றார் மன்னர்.

"மீறுகிறவர்களுக்குத் தண்டனை என்ன?"

வீரகண்டர் முந்திக்கொண்டார். "அரண்மனைக் கிணற்றில் கப்பியில்லாமல் தண்ணீர் இறைக்கட்டும்!"

"பெரிய மனிதராக இருந்தால்?"

"என் அப்பனாகவே இருந்தாலும் இறைக்கட்டும்!"

மன்னரும் தலையாட்டினார்.

மறுநாள் சபை கூடியது. அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாம்பூலம் தரிக்காமல் மன்னர் சபையில் வாய் திறக்கமாட்டார். விஷத்துக்குப் பயந்து, பாக்கையும் அவர் கண்ணெதிரேதான் வெட்ட வேண்டும். தட்டு வந்தது. வெற்றிலை இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, முழுக் கொட்டைப்பாக்கு இருந்தது. பாக்குவெட்டியைக் காணோம்!

மன்னர் புருவத்தை உயர்த்தினார்.

"பறிமுதல் செய்துவிட்டேன், மன்னா" என்றான் அம்பலக்கூத்தன். "அது கடப்பாரையின் தங்கைதானே? ஒரு பக்கம் ஆணி, ஒரு பக்கம் நீளப் பிடி. நோஞ்சான்களின் ஏமாற்று வேலை! நம் வீரகண்டர் எதற்கு இருக்கிறார்? விரலால் நசுக்கித் தருவார்."

சபையே திரும்பிப் பார்த்தது. வீரகண்டர் பாக்கை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். உள்ளங்கையில் வைத்து நெரித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது. பாக்கோ வழுக்கிக்கொண்டு ஓடியது. துரத்திப் பிடித்துப் பல்லில் வைத்துக் கடித்தார். படக்கென்று ஒரு சத்தம். "அப்பாடா, உடைந்தது!" என்றார் பக்கத்தில் இருந்த மந்திரி. உடைந்தது பல்.

மன்னருக்குப் பொறுமை போயிற்று. தன் வாயைச் சுட்டிக்காட்டி, வீரகண்டரைப் பார்த்து முறைத்தார். பயில்வான் பதறிப்போய் இடுப்பு மடியைத் துழாவினார். உள்ளேயிருந்து பளபளவென்று வெளியே வந்தது ஒரு வெள்ளிப் பாக்குவெட்டி! புதுப் பாக்கை அதில் வைத்துப் பிடியை அழுத்தினார். 'களுக்'. இரண்டு துண்டு.

"ஆகாகா!" என்றான் அம்பலக்கூத்தன். "பாக்கு ஆணிக்குப் பக்கத்தில், உங்கள் கை பிடியின் நுனியில். மலைத்தோளால் ஆகாதது இந்தச் சின்ன வெள்ளித் துண்டால் ஆகிவிட்டதே! ஊருக்கெல்லாம் தடை, உங்கள் மடிக்கு மட்டும் விலக்கோ?"

வீரகண்டர் பாக்குவெட்டியை அவசரமாக மடிக்குள்ளேயே திருப்பிச் செருகினார். மன்னர் பாக்கை வாயில் போட்டு மென்றார். மெல்ல மெல்ல, தாம் எப்பேர்ப்பட்ட மடத்தனம் செய்தோம் என்பது அவருக்கும் உறைத்தது.

"கப்பிகளை இன்றே திருப்பி மாட்டுங்கள்" என்றார். "அரண்மனைக் கிணற்றுக்கு மட்டும் வேண்டாம். தண்டனை சொன்னவரே போய் இறைக்கட்டும்!"

வேடிக்கை பார்க்க ஊரே அரண்மனைக் கிணற்றடியில் கூடிவிட்டது. நாலு குடம் இறைப்பதற்குள் பயில்வானுக்கு மூச்சு வாங்கியது. கையெல்லாம் கொப்புளம். மேலே மாடத்தில் மன்னரும் அம்பலக்கூத்தனும் நின்றார்கள்.

"மன்னா, கப்பி... கப்பி கொடுக்கச் சொல்லுங்கள்!" என்று கெஞ்சினார் வீரகண்டர்.

மன்னர் சரியென்று கையசைத்தார். வடிவு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கிணற்றடியில் கழற்றி வைத்திருந்த கப்பியை எடுத்துக்கொண்டு முன்னே வந்தாள். அவர் ஆவலாகக் கையை நீட்டினார். அவள் கப்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கொடுக்கிறேன் ஐயா. ஆனா இது நோஞ்சான்களுக்குன்னுதானே நீங்க சபையில சொன்னீங்க? இங்கே நோஞ்சான் யாருன்னு ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிட்டு வாங்கிக்குங்க!"

மாடத்தில் மன்னர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த தாம்பூலம் தெறித்தது. வீரகண்டர் கிணற்றைப் பார்த்தார், கையைப் பார்த்தார், வாயைத் திறந்தார்.

"நான்தான்."