போடாத ஏசி

"மூணு வருஷமா ஒரு நாள்கூட போட்டதில்லம்மா. போடாத ஏசி எப்படிக் கெடும்?"

சவரிமுத்து நியாயம் கேட்டார். கேட்டது மதுரை புறவழிச்சாலை ஓரத்தில் கார் ஏசி பழுது பார்க்கும் மெகராஜ் என்ற பெண்ணிடம். அவருக்கு ஐம்பத்தைந்து வயது, அவளுக்கு நாற்பதுகூட இருக்காது. ஏசி என்று வந்துவிட்டால் அந்த வட்டாரமே அவள் பேச்சைத்தான் கேட்கும்.

அவள் பானெட்டைத் திறந்தாள்.

"எதுக்குண்ணே போடல?"

"தேஞ்சு போயிருமே. எங்கம்மாவுக்காக வச்சிருந்தேன். வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போறப்ப, அவங்க ஏறி உக்காந்ததும் முதல் தடவையா போடணும்னு."

"போனீங்களா?"

"வெயில் குறையட்டும்னேன். அப்புறம் ரோடு வேலை முடியட்டும்னேன்."

பானெட் விளிம்புத் தூசியைக் கைத்துண்டால் துடைத்தார். துடைத்தபடியே சொன்னார்.

"இப்ப இங்க மதுரையிலதான் ஆஸ்பத்திரியில இருக்காங்க. இருதய ஆபரேசன். நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்க. வெக்கையே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஊருக்கு மூணு மணி நேரம். நேத்து போட்டுப் பாத்தா அனல் அடிக்குது."

பாவம், ஏசிக் காற்று வரும் இடத்தைத் தினமும் துணியால் துடைத்து வைத்த மனுஷன்.

கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரை மெகராஜ் கழற்றினாள். அதன் சுழலும் தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் லேசாக அழுத்தினார். அப்பளம் மாதிரி நொறுங்கியது.

பக்கத்தில் பிரித்துக் கிடந்த ஒரு டாக்சியின் கம்ப்ரசரிலிருந்து இன்னொரு வளையத்தை எடுத்து மறு கையில் வைத்தாள். எண்ணெய் ஈரத்தோடு வளைந்து கொடுத்தது.

"இது புதுசா?"

"உங்களதைவிட ரெண்டு வருஷம் பழசு. பகல் பூரா ஏசி ஓடுற வண்டி."

"அதெப்படிம்மா?"

"உள்ள எண்ணெய் இருக்குண்ணே. அது தானா எங்கயும் போகாது. கம்ப்ரசர் ஓடுனா கேஸோட சேந்து சுத்தி வந்து இதை நனைக்கும். ஓடலேன்னா அடியில கிடக்கும். இது காஞ்சு போகும். காஞ்ச வழியா கேஸ் போயிரும்."

சவரிமுத்து இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் புது வளையம் போட்டு, கம்ப்ரசரை மாட்டி, கேஸ் நிரப்பி முடிக்கும்போது மணி ஐந்தரை. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பழக்கதோஷம், கை சுவிட்சுக்குப் போனது.

"நாளைக்கு வேணுமே. அணைச்சிரட்டுமா?"

மெகராஜ் அவரையே பார்த்தாள். நொறுங்கிக் கிடந்த பழைய வளையத்தைக் கண்ணால் காட்டினாள்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். வண்டியைத் திருப்பினார்.

"ஊருக்கா அண்ணே?"

"இல்லம்மா. ஆஸ்பத்திரிக்கு. எங்கம்மாவை அஞ்சு நிமிசம் வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து இதுல உக்கார வைக்க விடுவாங்களான்னு கேக்கணும்."