கடைசிக் கேள்விக்குப் பத்து மதிப்பெண்

மாசிலாமணி வாத்தியாருக்குச் சிவப்பு மை என்றால் வேதவாக்கு. விடைத்தாளில் ஒருமுறை போட்ட மதிப்பெண்ணை அவர் மாற்றியதே கிடையாது. சொந்த மகனுக்கே நூற்றுக்குப் பதினெட்டு போட்டுவிட்டு, வீட்டில் ஒரு வாரம் வெறும் ரசத்தோடு காலம் தள்ளிய மனிதர். அப்பேர்ப்பட்டவர் அன்று காலை, விடைத்தாள் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

மடத்தின் தலைவி தவமணியம்மா. வாத்தியாரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஏழு வருஷமாக வாத்தியார் அவரைத்தான் குருவாக வரித்திருந்தார். மடத்துப் பள்ளியில் பாடம் நடத்துவதும் அவர் சொல்லித்தான்.

"அம்மா, ஏழைப் பிள்ளைக்குப் பெரிய படிப்பு கிடைக்காதா?"

"யாருக்குக் கிடைக்கலை?"

"அஞ்சலைக்கு."

அஞ்சலையின் அப்பாவும் அம்மாவும் கல்குவாரியில் ஜல்லி உடைக்கிறவர்கள். அவள் ஐந்தாம் வகுப்பு. வருஷா வருஷம் தேர்வில் முதலில் வருகிற ஒரு பிள்ளையை மடம் தன் செலவில் டவுன் பள்ளிக்கு அனுப்பும். விடுதி, புத்தகம், துணிமணி எல்லாம் மடத்தின் பொறுப்பு.

அந்தப் பள்ளி மேல் அஞ்சலைக்கு அப்படியொரு ஏக்கம். "அங்க லைப்ரரி எவ்வளவு பெருசு சார்?" என்று கேட்பாள். வாத்தியார் சொல்வார். மறுநாளும் அதையே கேட்பாள். பதில் மறந்துபோய் அல்ல, இன்னொரு தரம் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வாத்தியாருக்கும் ஏக்கம் இல்லாமல் இல்லை. சிறுவயதில் அப்பாவோடு கீரை விற்கப் போய், அதே பள்ளியின் கேட்டுக்கு வெளியே மணி அடிக்கும்வரை நின்று பார்த்தவர் அவர். உள்ளே போகக் கொடுத்துவைக்கவில்லை. அஞ்சலையாவது போய்விட வேண்டும் என்று தினமும் நினைப்பார். புதுச் சீருடையில் அவள் அந்த கேட்டைத் தாண்டுவதாக நினைத்துப் பார்த்தாலே கண் கலங்கிவிடும்.

"எல்லாத்துக்கும் பிரமாதமா எழுதியிருக்கா அம்மா. கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு வரிகூட எழுதல. பத்து மார்க் போச்சு. ரைஸ்மில்காரர் மகன் நாலு மார்க்குல முந்திட்டான். மத்தியான பஸ்ஸுல டவுன் பள்ளிக்குப் பேர் போயாகணும்."

"கஷ்டமான கேள்வியா?"

"இருக்கறதுலயே சுலபம். 'இன்று காலை நீ உண்ட உணவைப் பற்றிப் பத்து வரி எழுதுக.' பிள்ளைங்க தவிச்சுப் போகக் கூடாதுன்னு நானே போட்டது. மாதிரி விடைகூட முந்தின வாரமே போர்டுல எழுதிப் போட்டேன். தப்பில்லாம ஒப்பிச்சவ அவ!"

"மத்த பிள்ளைங்க?"

"எல்லாரும் எழுதிட்டாங்களே."

அம்மா கட்டைப் பிரித்துப் புரட்டினார். மற்ற இருபத்திரண்டு தாளிலும் போர்டில் இருந்த அதே நெய் மணக்கும் வெண்பொங்கல், முந்திரிப் பருப்பு, தேங்காய்ச் சட்னி. ஊரில் பாதி வீட்டில் காலையில் அடுப்பே பற்றவைப்பதில்லை. தாளில் மட்டும் தெருத்தெருவாக விருந்து. அத்தனைக்கும் பத்துக்குப் பத்து போட்டிருந்தார் வாத்தியார்.

"ஏன் எழுதலைன்னு அவளைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். தரையைப் பார்த்துக்கிட்டு, 'எழுத ஒண்ணும் இல்ல சார்'னா. திமிருன்னு நினைச்சு நல்லா திட்டிவிட்டுட்டேன்." வாத்தியார் அவள் தாளை உருவிக் கட்டின் மேல் வைத்தார். "அம்மா, ஆயுசுல நான் மார்க்கைத் திருத்தினதில்ல. இந்த ஒரு தடவை, பாவம் பார்த்து அஞ்சு மார்க் போட்டுடட்டுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"பாவம் பார்த்து ஒரு மார்க்கும் போடக் கூடாது."

வாத்தியாரின் முகம் செத்துவிட்டது. குருவே சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? தாள்களைக் கட்டப் போனார்.

"இருங்க. ஒரு வெள்ளைத்தாள் கொடுங்க. அந்தக் கடைசிக் கேள்விக்கு நானும் பதில் எழுதறேன்."

அம்மா தாளை வாங்கினார். மேலே தன் பெயரை எழுதினார். கேள்வி எண்ணைப் போட்டார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"திருத்துங்க."

வாத்தியார் தாளை முன்னும் பின்னும் பார்த்தார். "என்னம்மா விளையாட்டு இது? இந்தப் பங்குனி மாசம் பூரா நீங்க பொழுது சாயற வரைக்கும் பச்சைத்தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கீங்க. அதுக்குத்தான் உங்க கால்ல விழ ஊரே வாசல்ல நிக்குது. நானும் விழுந்துட்டுத்தான் உக்காந்தேன். காலையில சாப்பிட்டதுன்னு நீங்க எதை எழுத முடியும்?"

"அப்போ என் விடை தப்பில்லையே?"

"தப்பா? உங்களுக்கு இதுதாம்மா சரியான விடை."

சொல்லி முடித்தவர், அம்மாவின் தாளைக் கட்டின் மேல் வைக்கக் குனிந்தார். அங்கே அஞ்சலையின் தாள், கடைசிப் பக்கம் மேலாகக் கிடந்தது. அதிலும் ஒரு பெயர், ஒரு கேள்வி எண். கீழே ஒன்றுமில்லை. ஓரத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

வாத்தியாரின் கை நின்றுவிட்டது.

"அம்மா, அந்தப் பிள்ளை அன்னிக்கு..."

"நான் வேண்டாம்னு சாப்பிடலை, விழுந்து கும்பிடறீங்க. அவ கிடைக்காம சாப்பிடலை. அதுக்கு சைபர் போட்டிருக்கீங்க, வாத்தியாரே."