தண்டு எங்கே போயிற்று

மனைவி செங்கமலம் இறந்த பிறகு மாசிலாமணி மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தார். மடத்துச் சாமி அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரையே குருவாகக் கொண்டார்.

தியானம் கைகூடவில்லை. கிணற்றடியில் காலிஃபிளவர் நட்டார். செங்கமலம் மாடித் தொட்டிகளில் வளர்த்தது போலவே வளர்த்தார். பூ கைப்பிடி அளவு திரண்டதும், வெயில் பட்டு மஞ்சளாகிவிடாமல் இலைகளை மேலே மடக்கி வாழைநாரால் கட்டினார். அறுத்த பூவை உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் போட்டுப் புழு போக்கினார். மிளகும் சோம்பும் அரைத்து வறுவல் செய்தார்.

ஒவ்வொரு முறையும் ஒரு வாய் உண்டுவிட்டுக் கையை நிறுத்துவார்.

"அவ செய்யறது இது இல்ல."

பந்தியில் பக்கத்தில் உட்காரும் வேலப்பன், "எங்களுக்கு நல்லாத்தான்யா இருக்கு. ஆனா இன்னும் ஒரு வாரம் இதையே தின்னா எங்க தலையும் பூத்துரும். உங்க கையாலயே நார் கட்டி விட்டுருங்க" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்தார். இலையில் வறுவல் அப்படியே இருந்தது.

பாத்தியில் ஒரே ஒரு பூ மிஞ்சிய அன்று, அதை அறுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"சாமி, அவ கைப்பக்குவம் என் நாக்கை விட்டுப் போய்க்கிட்டே இருக்கு. இதுவும் முடிஞ்சா இனி அடுத்த பனிக்குத்தான் பூ. அதுக்குள்ள சுத்தமா மறந்துபோகும். நான் எதை விட்டுடறேன்?"

"நறுக்குங்க. பார்க்கிறேன்."

மாசிலாமணி பூவைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துப் பாத்திரத்தில் போட்டார். நடுத்தண்டை வாளியில் எறிந்தார்.

குரு குனிந்து அதை எடுத்தார்.

"இது?"

"மாட்டுக்கு, சாமி."

"உங்க வீட்டுல மாடு இருந்துச்சா?"

"டவுன்ல மாடி வீடு. மாடு ஏது?"

"அப்ப தண்டு எங்க போச்சு?"

மாசிலாமணி கத்தியைக் கீழே வைத்தார்.

"தெரியல சாமி. அவ சமைக்கிறப்ப நான் முன்னறையில ரேடியோ கேட்டுக்கிட்டிருப்பேன்."

"இன்னைக்கும் முன்னறையில உட்காருங்க. நான் சமைக்கிறேன்."

மாசிலாமணி போய் உட்கார்ந்தார். உள்ளே கடுகு வெடித்தது. சோம்பு மணத்தது. தான் சமைக்கும்போது வரும் அதே மணம்தான். கண்ணை மூடிக்கொண்டார்.

கறுக்.

நிமிர்ந்தார்.

கறுக், கறுக். யாரோ எதையோ கடித்து மெல்லும் சத்தம். கல்யாணமான நாளிலிருந்து, ரேடியோப் பாட்டுக்கு நடுவே, வீட்டுச் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம். அவர் அறியாமலே வாய் கேட்டுவிட்டது.

"செங்கமலம், என்ன திங்கிற?"

அப்படிக் கேட்கும்போதெல்லாம் அவள், "ஒண்ணுமில்ல, நீங்க பாட்டைக் கேளுங்க" என்பாள். அவரும் பாட்டைக் கேட்பார்.

உள்ளே சத்தம் நின்றது.

"எழுந்து வந்து பாருங்கய்யா," என்றார் குரு. "பாதி இருக்கு."