பம்புக்கு எட்டாத ஆயில்

"அம்மா, மேலே எடுக்கறதுங்களா, கீழே எடுக்கறதுங்களா?"

கேட்டவர் பொங்கியண்ணன். ஒரு கையில் ஸ்பேனர். மறு கையில் டியூப் மாட்டிய கைப்பம்பு.

அம்மா அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"எதை அண்ணா?"

"ஜீப்போட பழைய ஆயிலைத்தானுங்க."

மலையடிவாரத்து மடம் அது. அம்மாதான் அங்கே குரு. பொங்கியண்ணன் அவரைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் சீடர். பேரிலேயே அண்ணன் இருந்ததால் குருவும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

பயத்துக்கு மருந்து கேட்டு வந்த மனுஷன். அம்மா மந்திரம் ஒன்றும் தரவில்லை. மடத்து ஜீப்பின் சாவியைத் தந்தார்.

"பயந்தவர் கையில இருந்தா வண்டி பத்திரமா இருக்கும்."

வண்டி பத்திரமாகத்தான் இருந்தது. பயமும் பத்திரமாக இருந்தது.

"மேலேன்னா எப்படி?" என்று கேட்டார் அம்மா.

"ஆயில் அளவு பார்க்கற கம்பியை உருவிட்டு, அந்த ஓட்டையில டியூபை விட்டு, பம்புல உறிஞ்சறதுங்க. கை அழுக்காகாது. வேண்டாம்னா பாதியில நிறுத்திக்கலாம்."

"கீழேன்னா?"

"வண்டிக்கு அடியில படுத்துப் போல்ட்டைக் கழட்டோணுமுங்க. கழட்டினா கழட்டினதுதான். கடைசிச் சொட்டு வரைக்கும் கொட்டிரும். நிறுத்த முடியாது."

"நிறுத்தி என்ன பண்ணப் போறீங்க?"



சமையல்கட்டிலிருந்து மயிலாத்தா எட்டிப் பார்த்தார். மடத்தில் சமைப்பவர்.

"வயித்துக் கோளாறுக்கு வாந்தி மருந்து குடுக்கறதா, பேதி மருந்து குடுக்கறதான்னு கேக்கறாருங்கம்மா!"

"சிரி மயிலு, சிரி. போல்ட்டுல மரை தேஞ்சிருந்தா? கழட்டினது திரும்ப ஏறலீன்னா?"

"உங்களுக்குத்தாண்ணா மரை கழண்டு போச்சு."

"நாளைக்கு வண்டி நின்ன இடத்துல நிக்கும். அப்புறம் உன் புள்ளையை யாரு எறக்கிட்டு வருவா?"

மயிலாத்தாவின் சிரிப்பு நின்றது.

அவருடைய மகள் கோகிலா மலைமேல் வாழ்க்கைப்பட்டவள். நிறைமாசம். விடிந்ததும் ஜீப் மேலே போய் அவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கிவர வேண்டும். நாளைக்குத்தான் ஏற்பாடு. வலி அதற்கு முன்னால் வராது என்று யாரும் எழுதித் தரவில்லை.

அந்த மலைப்பாதையில் ஏறுகிற வண்டி சுற்றுவட்டாரத்தில் இரண்டே இரண்டு. ஒன்று மடத்து ஜீப். இன்னொன்று பக்கத்து ஊர்ப் பாக்குத் தோப்புக்காரருடையது. சாயங்காலத்துக்குள் சொல்லி வைத்தால் தருவார். சொல்லாவிட்டால் வண்டி விடியுமுன்னே பாக்குக்காய் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விடும்.

"அம்மா, நீங்களே ஏதாச்சும் ஒண்ணைச் சொல்லிடுங்க. அப்படியே செஞ்சுடறேன்."

"இஞ்சின் சூடா இருக்குதா?"

"கடைக்குப் போயிட்டு வந்தேனுங்க. சூடுதான். கை சுட்டுக்குமேன்னு ஆற விட்டிருக்கேன்."

அம்மா தலையாட்டினார்.

"சோறு வெந்திருக்கும். கொஞ்சம் வடிச்சுக் குடுங்க அண்ணா."

பொங்கியண்ணன் ஸ்பேனரை வைத்தார். பம்பையும் வைத்தார். உள்ளே போய்ப் பானைக்கு மூடி போட்டு, துணியால் பிடித்துச் சாய்த்தார். கஞ்சி புகைந்துகொண்டு இறங்கியது.

அம்மா வாசலிலிருந்தே கேட்டார்.

"சுடுமே. ஆற விட்டு வடிக்கலாமில்ல?"

"ஆறினா கஞ்சி கெட்டியாயிருமுங்க. சோத்தோட ஒட்டிக்கிட்டு எறங்கவே..."

பாதியில் நிறுத்தினார்.

பானையை நிமிர்த்திவிட்டு வெளியே ஓடினார். ஜீப் உறுமும் சத்தம் கேட்டது.

"என்னாச்சுங்கம்மா இவருக்கு?" என்றார் மயிலாத்தா.

"ஆயில் ஆறிப்போச்சு. சூடு பண்றார்."

*

இஞ்சினை அணைத்தபின் பொங்கியண்ணன் ஸ்பேனரைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார்.

பம்பை எடுத்தார்.

கொர்... கொர்... என்று உறிஞ்சியது. கறுப்பாக ஆயில் ஏறிக் கேனில் விழுந்தது. கடைசியில் காற்று மட்டும் வந்தது.

கேனைத் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"முடிஞ்சுதுங்கம்மா. கையில ஒரு துளி படலை பாருங்க."

"எல்லாம் வந்துருச்சா?"

"பம்புக்கு எட்டினதெல்லாம் வந்துருச்சுங்க."

"எட்டாதது?"

"அது கொஞ்சூண்டுதானுங்க. அடியில கிடக்கும். புது ஆயிலை ஊத்தினா அதோட கலந்துரும்."

"சரி. ஊத்துங்க."

போனார். புது ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தார். ஊற்றவில்லை. மூடினார். திரும்பத் திறந்தார். ஜீப்பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைக் காலால் அழுத்திப் பார்த்தார். மூடினார்.

திரும்பி வந்தார்.

"அம்மா, தோப்புக்காரர் இந்நேரம் வீட்டுல இருப்பாருங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதானுங்க."

"சும்மா கேக்கற மூஞ்சியாண்ணா இது?" என்றார் மயிலாத்தா. "சொல்லுங்க. என்ன?"

"ஒண்ணுமில்ல மயிலு. அந்த மரைதான்."

அம்மா எழுந்தார். மடியிலிருந்த நாரை உதறினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, நேரே ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தார்.

"ஐயோ, நீங்க எதுக்குங்கம்மா! சூடுங்க!"

அடியில் ஒரு முறை இரும்பு கிறீச்சிட்டது. இன்னொரு முறை கிறீச்சிட்டது.

அம்மா வெளியே வந்தார். கன்னத்தில் ஒரு சொட்டு ஆயில்.

மயிலாத்தாவால் வாயை அடக்க முடியவில்லை. "கண்ணுபடாம இருக்கப் பொட்டு வச்ச மாதிரி இருக்குதுங்கம்மா!"

"கொஞ்சம் கழட்டிப் பார்த்துட்டு முடுக்கிட்டேன்," என்றார் அம்மா. "மரை நல்லா இருக்குது."

இதைக் கேட்டு மனுஷன் சந்தோஷப்பட வேண்டும். பொங்கியண்ணனின் முகம் இன்னும் வெளிறியது.

அம்மா அவர் கையைப் பார்த்தார். துண்டு முனையை முறுக்கிக்கொண்டிருந்தது.

"இப்பவும் பயமா?"

"ஆமாங்க."

"அப்ப பயம் மரையில இல்ல."



"ஒரு சத்தம் கேக்குதுங்கம்மா," என்றார் பொங்கியண்ணன் மெல்ல. "கொஞ்ச நாளா. ஏத்தத்துல மட்டும். உள்ளார யாரோ சின்னச் சுத்தியல்ல தட்டற மாதிரி. எனக்கு மட்டுந்தான் கேக்குதோ என்னவோ."

"அதுக்கும் ஆயிலுக்கும் என்ன?"

"உள்ளார ஏதாச்சும் தேஞ்சிருந்தா, ஆயிலுக்கு அடியில தூள் தங்குமுங்க. செம்புத்தூள் மாதிரி மினுங்கும். பம்புல மேலாக்க எடுத்தா அது கண்ணுக்குப் படாது."

"படாதுன்னுதான் பம்பை எடுத்தீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தூள் இருந்தா?"

"இஞ்சின் போயிட்டிருக்குதுன்னு அர்த்தங்க. ஏத்தத்துல எங்க வேணா நின்னுரும்."

"இல்லீன்னா?"

"சத்தம் வேற எதுலயோன்னு விட்டுரலாமுங்க."

"பார்க்கவே இல்லீன்னா?"



"இல்லேன்னே நினைச்சுக்கலாமுங்க."

"எதுவரைக்கும்?"

அவர் மலையைப் பார்த்தார். மடத்து வாசலிலிருந்து பார்த்தால் பாதை முழுசும் தெரியும். வளைவுக்கு மேல் வளைவு. ஒரு பக்கம் பாறை. ஒரு பக்கம் ஒன்றுமில்லை.

மயிலாத்தா படியிறங்கி வந்திருந்தார். பானை மூடி கையிலேயே இருந்தது. அவரும் அந்தப் பக்கம்தான் பார்த்தார்.

"அந்த மேல் வளைவு வரைக்குமா அண்ணா?"

கேலி இல்லை அந்தக் குரலில்.

பொங்கியண்ணன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களே கழட்டிப் பார்த்துச் சொல்லிடுங்கம்மா. நான் அந்தண்ட திரும்பி நின்னுக்கறேன்."

அம்மா ஸ்பேனரை அவர் காலடியில் வைத்தார். பழைய இடத்தில் போய் உட்கார்ந்து, முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு அவரைக்காயைப் பிளந்தார். நல்ல காய். கூடையில் போட்டார்.

இன்னொன்றைப் பிளந்தார். புழு இருந்தது. அந்த இடத்தைக் கிள்ளி எறிந்தார். மீதியைக் கூடையில் போட்டார்.

அடுத்த காயை எடுத்தார்.

பொங்கியண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார்.

மயிலாத்தா உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சின்ன மூட்டை. பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆக்கி, மடித்து வைத்த துணிகள். பிறக்கப்போகும் பேரப்பிள்ளையைச் சுற்றி எடுப்பதற்கு.

அதிலிருந்து ஒன்றை உருவி நீட்டினார்.

"ஏ மயிலு, இது கொழந்தைக்குன்னு வச்சதாச்சே."

"கொழந்தைக்குத்தான். இதுல வடிங்க. வெள்ளையில விழுந்தா பளிச்சுன்னு தெரியும்."

பொங்கியண்ணன் துணியை வாங்கினார். ஒரு பேசின் மேல் விரித்துக் கட்டினார். ஸ்பேனரை எடுத்தார்.

வண்டிக்கு அடியில் போனார்.

வெளியே அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. விரல்கள் பத்தும் உள்ளே மடங்கியிருந்தன, ஊசிக்குப் பயந்த பிள்ளையின் விரல்கள் மாதிரி.

இரும்பு கிறீச்சிட்டது.

ஒரு தாரை விழும் சத்தம். அது மெலிந்தது. நூலானது. அப்புறம் சொட்டு. சொட்டு.

மயிலாத்தா முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா காய் கிள்ளுவதை நிறுத்தியிருந்தார்.

இன்னொரு சொட்டு.

அப்புறம் ஒன்றுமில்லை.

மடங்கியிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

பொங்கியண்ணன் வெளியே வந்தார். முழங்கை வரை கறுப்பு. துணியின் நாலு முனையையும் பிடித்து வெயிலில் தூக்கிக் காட்டினார்.

கறுப்புக்கு நடுவே செம்பு மினுங்கியது. கொஞ்சமில்லை. நிறைய.

மயிலாத்தாவுக்கு அழுகை முட்டியது. "போச்சா அண்ணா?"

பொங்கியண்ணன் துணியை ஜீப்பின் மூக்கின் மேல் விரித்து வைத்தார். அண்ணாந்து பொழுதைப் பார்த்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை.

நேரே போய்ச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை எடுத்தார்.

"மயிலு, அழுவாம கேளு. மாப்பிள்ளைக்குப் போனைப் போடு. நம்ம ஜீப்பு வராது, தோப்புக்காரர் ஜீப்பு வருதுன்னு சொல்லு. இன்னிக்கே, பொழுதோடயே வருதுன்னு சொல்லு."

"அவரு தரலீன்னா?"

"அவரு வாசல்லயே படுத்துக்கறேன். தாண்டித்தான் சந்தைக்குப் போகோணும்."

"கையைக் கழுவிட்டாச்சும் போங்கண்ணா!"

"இப்படியே போனாத்தான் நம்புவாரு."

ஏறி மிதித்தார். காலில் செருப்பில்லை. அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மடத்து வாசலைத் தாண்டும்போது அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணா! அந்தப் பயம்?"

பொங்கியண்ணன் திரும்பவில்லை. மணியை ஒரு அடி அடித்தார்.

"வந்து பாத்துக்கலாமுங்கம்மா!"