உப்புக் குறைந்த பந்தி

வெங்காயம் நுழையாத மடம் அது. பூண்டும் நுழையாது. ஆனால் லீக்ஸ் மட்டும் கூடை கூடையாக நுழையும். நுவரெலியாப் பக்கத்து மலையில் இருந்துகொண்டு லீக்ஸை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

புதிதாக வருகிறவர்களில் ஒருவராவது கேட்டுவிடுவார்.

"லீக்ஸும் வெங்காயச் சாதிதானே அம்மா?"

"சட்டம் எழுதினப்போ பெரியவர் லீக்ஸைப் பார்த்ததில்லைங்க," என்பார் அம்மா. "பார்த்த பிறகு சட்டம் எழுதுறதையே விட்டுட்டார்."

பெரியவர் மடத்தைத் தொடங்கியவர். அவர் சமாதி முற்றத்தில் இருக்கிறது. அவருக்குப் பிறகு மடத்தை நடத்துகிற லோகநாயகியைத்தான் எல்லாரும் அம்மா என்கிறார்கள். வயது நாற்பத்தாறு. அவருடைய சீடர் பரஞ்சோதிக்கு அறுபத்து நான்கு. குரு சீடரை ஐயா என்பார், சீடர் குருவை அம்மா என்பார். இருவருக்கும் அதில் ஒரு கூச்சமும் இல்லை.

பரஞ்சோதி முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், மனைவி சிவபாக்கியம் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, மேசையில் நான்கு வரிக் கடிதம் ஒன்றை வைத்துவிட்டு மடத்துக்கு வந்துவிட்டார். துறவு என்று அவர் சொல்லிக்கொண்டார். அக்கம்பக்கத்தார் வேறு பேர் வைத்திருப்பார்கள்.

அது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து மடத்துச் சமையல் அவர் கையில். ஒவ்வொரு வருடமும் காவி கேட்பார். ஒவ்வொரு வருடமும் அம்மா ஒரே பதிலைச் சொல்வார்.

"கறி இன்னும் கொஞ்சம் நல்லா வரட்டும். பார்ப்போம்."

கறியில் என்ன குறை என்று பரஞ்சோதிக்கு விளங்கியதே இல்லை. அந்த மடத்தில் சமைக்கிறவர் ருசி பார்க்கக் கூடாது. முதல் அகப்பை பெரியவர் சமாதிக்குப் போகும். அதற்குப் பிறகுதான் மனுசர் வாய்க்கு. அதனால் உப்பெல்லாம் கை அளவுதான். நூறு பேர் கறிக்கு மூன்று கைப்பிடி. மருந்து கலந்த கை, ஒரு நாளும் தப்பியதில்லை. சாப்பிட்டவர்கள் குறை சொன்னதும் இல்லை.

இந்த வருடம் அம்மா ஒருவழியாகச் சரி என்றார். குருபூசைக்கு மறுநாள் காவி.

குருபூசை அன்று காலையில் பரஞ்சோதி லீக்ஸ் நறுக்க உட்கார்ந்திருந்தபோது அம்மா அடுப்படிக்கு வந்தார்.

"ஹட்டன்ல இருந்து ஒரு பஸ் வருது ஐயா. முப்பது பேர்."

"வரட்டும் அம்மா. கரட் எட்டுக் கிலோ இருக்கு. போதும்."

"அதுல உங்க வீட்டம்மாவும் வர்றாங்க."

கத்தி நின்றது.

"என்னைப் பார்க்கவா?"

"பூசைக்குன்னு எழுதியிருக்காங்க. வேற ஒண்ணும் எழுதல."

பரஞ்சோதி கத்தியைக் கீழே வைத்தார்.

"ஒரு விசயம் கேட்கணும் அம்மா. வெட்கமா இருக்கு."

"கேளுங்க."

"இந்த ஏக்கம் எப்ப போகும்? ஒன்பது வருசமாச்சு. விடிஞ்சா அவ நினைப்பு. தேத்தண்ணியைக் கையில எடுத்தா அவ நினைப்பு. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிக் காவி வாங்குறது?"

அம்மா கூடையில் இருந்து ஒரு லீக்ஸை எடுத்துப் பார்த்தார். தண்டு பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"கழுவிட்டீங்களா?"

"மூணு தண்ணி விட்டுக் கழுவினேன்."

அம்மா கத்தியை வாங்கி, தண்டை நெடுக்கில் பிளந்து, ஒவ்வொரு மடலாக விரித்தார். உள்ளே மண் இருந்தது. ஒரு மடலில் ஒரு சின்னக் கல்கூட இருந்தது.

"உள்ள வரைக்கும் எப்படிம்மா மண் போச்சு?" என்றார் பரஞ்சோதி. ஒன்பது வருடம் லீக்ஸ் நறுக்கியவர் அன்றைக்குத்தான் அதைக் கேட்டார்.

"தண்டு வெள்ளையா வரணும்னு தோட்டக்காரன் வளர வளர மண்ணை ஏத்தி ஏத்தி அணைப்பான். அது வளருது, மண்ணும் கூடவே போகுது."

"இவ்வளவு நாளும் நான் குறுக்காலதான் வெட்டுவேன். வெட்டிட்டுக் கழுவுவேன். தண்ணியில போயிடும், தெரியாது."

"இன்னைக்குப் பிளந்து கழுவுங்க," என்றார் அம்மா. ஒரு பலகையை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தார்.

பரஞ்சோதி ஒவ்வொன்றாகப் பிளந்து கழுவினார். விரல் விறைத்துப்போனது. மலைத் தண்ணீர் அப்படி.

"நான் வந்தது அவளுக்கும் ஒரு நிம்மதின்னுதான் நினைச்சேன் அம்மா," என்றார் தண்ணீரைப் பார்த்தபடியே. "மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. வீட்டுல நாங்க ரெண்டே பேர். நான் எந்த நேரமும் ஒரு தொணதொணப்பு. அவளாவது நிம்மதியா இருக்கட்டும்னு."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கடுதாசி எழுதி வச்சேன்."

"எழுதி வச்சதைக் கேட்கல."

பரஞ்சோதி அடுத்த லீக்ஸை எடுத்தார்.

பெரிய தாச்சியில் எண்ணெய் காய்ந்தது. கடுகு வெடித்தது. கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் போட்டார். விரல் தடிப்புக்கு வெட்டிய கரட்டை அடியில் பரப்பி, மேலே லீக்ஸைக் கொட்டினார். மஞ்சள் தூவி, இரண்டு அகப்பை தண்ணீர் தெளித்து, மூடி போட்டார். விறகை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தார். இனி அதன் தண்ணீரில் அதுவே வேக வேண்டும். கடைசியில் உப்பும் தேங்காய்ப்பாலும்.

இரண்டு நிமிடத்தில் மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்ன ஐயா தேடுறீங்க?"

"வேகுதான்னு பார்க்கிறேன்."

"நேத்து வரைக்கும் பார்க்க மாட்டீங்களே."

பரஞ்சோதி மூடியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான். தத்துவமெல்லாம் படித்திருந்தார், ஒன்றும் கைகொடுக்கவில்லை. அவள் இப்போது எப்படி இருப்பாள், தலை முழுக்க நரைத்திருக்குமா, படியேறினால் மூச்சு வாங்குமா என்று தெரிந்துகொள்ளத் துடித்தார். பார்க்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரியும். பந்தி எழும்பும் வரை சமைத்தவர் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகக் கூடாது. முகத்தைக் கண்டால் சாப்பிடுகிறவர் புகழ்வார், புகழைக் கேட்டால் சமைத்தவர் கெட்டுப்போவார் என்பது பெரியவரின் நினைப்பு. பந்தி எழும்பினதும் பஸ் கிளம்பிவிடும்.

கீழே வளைவில் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது.

பரஞ்சோதி உப்பு ஜாடியைத் திறந்தார். கை உள்ளே போய் வந்தது. தாச்சியைப் பார்க்காமல் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே போட்டார். பாலை ஊற்றி ஒரு கிளறு கிளறினார். ஜாடியை மூடி எங்கேயோ வைத்தார். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து பூசைக்குப் போனார்.

பூசை முடிந்து பந்தி உட்கார்ந்தது. ஒரே பந்தி, நூறு இலை. அந்த மடத்தில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தால்தான் எல்லாரும் எழும்பலாம். ஒருவர் இலையில் கை வைத்திருக்கும் வரை தொண்ணூற்றொன்பது பேரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பரிமாறுகிற பிச்சமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் வந்தார்.

"ஐயா, உப்பு வேணும்."

"எதுக்கு?"

"கறியில உப்பே இல்லைங்க. எல்லாரும் கேட்கிறாங்க."

"மூணு கைப்பிடி போட்டேனேப்பா."

"போட்டீங்களோ என்னவோ, இலைக்கு வந்து சேரல. ஜாடியைத் தாங்க."

ஜாடி வழக்கமான இடத்தில் இல்லை. அடுப்புத் திட்டில் இல்லை, பலகைக்குக் கீழே இல்லை. இருவரும் தேடினார்கள். கடைசியில் பிச்சமுத்துதான் அண்ணாந்து பார்த்தார்.

"அதை ஏங்க கூரைக்குக் கிட்டக் கொண்டுபோய் வச்சீங்க?"

ஜாடி மேல் தட்டில், சுவரை ஒட்டி இருந்தது. பரஞ்சோதி அதைப் பார்த்தார். அவர் முகம் மாறிப்போனது. பிச்சமுத்து முக்காலி போட்டு ஏறி எடுத்துக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார்.

"எல்லாரும் உப்புப் போட்டுச் சாப்பிட்டு முடிச்சிட்டாங்க. ஒரு அம்மா மட்டும் உப்பு வாங்கல. கறியில ஒரு வாய் எடுத்தாங்க. அதோட இலையில கையை வச்சவங்கதான், சாப்பிடவும் இல்ல, எழும்பவும் இல்ல. பந்தி அப்படியே உட்கார்ந்திருக்கு."

"என்ன வேணும்னு கேட்டியா?"

"கேட்டேன். எனக்கு எழும்ப நேரமாகும்னு மட்டும் சொன்னாங்க."

பரஞ்சோதி அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா உள்ளே வந்து பிச்சமுத்துவைக் கூடத்துக்கு அனுப்பினார். ஒரு இலைத் துண்டில் கறியைப் போட்டு, நின்றபடியே ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்பு இல்லை."

"ஒரு கைப்பிடியோட நின்னிருக்கேன் அம்மா. சத்தியமா எனக்கே தெரியல."

"ஜாடியை மேல வச்சது தெரியுமா?"

"அதுவும் தெரியல." அவர் மேல் தட்டைப் பார்த்தார். "பாக்கியத்துக்குப் பிரசர். நாற்பது வயசுல இருந்து. சொன்னாக் கேட்க மாட்டா, உப்பை அள்ளி அள்ளிப் போடுவா. நான்தான் போத்தலைப் பிடுங்கி மேல் தட்டுல வைப்பேன். அவ கட்டை. எட்டாது."

"ஏசுவாங்களா?"

"நல்லா ஏசுவா. ஏசிட்டு உப்பில்லாமலே சாப்பிடுவா."

அம்மா இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"நூறு பேருக்குச் சமைக்க வேண்டியவன் ஒருத்திக்குச் சமைச்சிருக்கேன்," என்றார் பரஞ்சோதி. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "நாளைக்குக் காவி வேண்டாம் அம்மா. நான் அதுக்கு ஆள் இல்ல."

"ஒன்பது வருசமா உங்க கறியில ஒரு குறையும் இல்ல ஐயா. எனக்கு அதுதான் பயமா இருந்துச்சு."

பரஞ்சோதி தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"எழும்புங்க," என்றார் அம்மா. "நூறு பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

"பந்தி எழும்பாம சமைச்சவன் கூடத்துக்குப் போகக் கூடாதே."

"இதைப் போய்ச் சமையல்னு யார் சொன்னது?" அம்மா இலையைத் தள்ளி வைத்தார்.

பரஞ்சோதி எழுந்தார். கையைக் கழுவினார். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி கழுவினார். கூடத்துக் கதவு வரை போய் நின்றுவிட்டார். அந்தப் பக்கம் நூறு பேர் இருந்தும் சத்தமே இல்லை.

"மன்னிப்புக் கேட்கவா அம்மா? அவ மன்னிப்பாளா?"

"தெரியாது."

"அவ என்னைக் கூட வான்னு கூப்பிட்டா?"

"தெரியாது ஐயா."

"ஒன்பது வருசம். நான் என்னன்னு சொல்லுவேன் அவகிட்ட?"

அம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க. உப்பு போதுமான்னு கேளுங்க."